அட்லாண்டாவின் குப்பை லாரிகள்

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அரசியல் பேராசிரியர் அடால்ஃப் ரீட் பேசியதைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இனவெறியையே காரணம் சொல்லாதீர்கள், வர்க்கத்தைப் பாருங்கள் என்கிறார். ஒரு கறுப்பர் இப்படிப் பேசினால் அது வெள்ளையர்களுக்குத்தானே வசதி? ஒபாமாவையும் ஆரம்பத்திலேயே திட்டினாராமே? இவரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நானும் இந்த வாரம் முழுக்க அட்லாண்டாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உடனே பதில். ஒபாமாவை விடுங்கள். 1996-லேயே ரீட் அவரை விமர்சித்து எழுதினார், உண்மைதான், அதற்காக ரீடைத் தீர்க்கதரிசி ஆக்கவேண்டியதில்லை.

ஆனால் கறுப்பர் என்றால் இன்னதுதான் பேச வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நிறப்பிரிவினைச் சட்டம் நடப்பில் இருந்த நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்த மனிதர் அவர். அவருக்கு இனவெறி தெரியவில்லை என்று விசாவில் போன நாம் பாடம் எடுப்பது கொஞ்சம் ஓவர். 2020-ல் அமெரிக்க சோஷலிஸ்டுகளே இதே கோபத்தில் எதிர்ப்புக் கிளப்பி, அவர் பேச இருந்த கூட்டம் ரத்தானது.

நீங்கள் போய் இறங்கிய விமான நிலையத்தின் பெயரில் பாதி மேனார்ட் ஜாக்சனுடையது. 1973-ல் அட்லாண்டாவில் ஜெயித்து, அமெரிக்கத் தெற்கின் பெருநகரம் ஒன்றுக்கு முதல் கறுப்பின மேயர் ஆனவர். விமான நிலைய விரிவாக்க ஒப்பந்தங்களில் ஏறக்குறைய கால் பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் தந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், வெள்ளை முதலாளிகள் கத்தியும் அசையவில்லை. சபாஷ்தான். அப்புறம் 1977. நகரத்தின் குப்பை அள்ளுகிறவர்கள், பெரும்பாலும் கறுப்பர்கள், மணிக்கு 50 சென்ட் கூடுதல் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1970-ல் இவர் துணை மேயராக இருந்தபோது இதே தொழிலாளர்கள் போராட, வெள்ளை மேயரை எதிர்த்து அவர்கள் பக்கம் நின்றவர். இப்போது நாற்காலி இவருடையது. ஏறக்குறைய ஆயிரம் பேரை வேலையைவிட்டே தூக்கினார். மார்ட்டின் லூதர் கிங்கின் அப்பா மேயரை ஆதரித்தார் கார்த்திக்! மகன் 1968-ல் மெம்பிஸில் சுடப்பட்டது குப்பைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில். ஜாக்சன் அதே 1977-ல் மறுபடி சுலபமாக ஜெயித்தார்.

இனவெறியை மட்டும் வைத்து இதை விளக்குங்கள் பார்ப்போம். ஜாக்சன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வசதியானவர்கள் வரிப்பணத்தோடு புறநகருக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருக்கும் நகரத்தை நடத்த முதலாளிகளின் தயவு வேண்டும், யார் மேயரானாலும் கை அங்கேதான் கட்டப்படுகிறது. ஒப்பந்தக்காரரில் எத்தனை பேர் கறுப்பர் என்பது மட்டுமே பேச்சாகிவிட்டால், லாரிக்குப் பின்னால் ஓடுகிறவனின் கூலி கணக்கிலேயே வராது. ரீட் பல வருடங்களாகச் சொல்லிவருவது ஏறக்குறைய இதைத்தான். இதில் வெள்ளையருக்கு என்ன வசதி என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா? 1999-ல் வந்த ரீடின் ‘ஸ்டர்ரிங்ஸ் இன் த ஜக்’ என்ற புத்தகத்திலிருந்து. அந்த விமான நிலையத் தகராறு பற்றியே அதில் ஒரு கட்டுரை உண்டு, நடை கொஞ்சம் கடினம், பொறுமையாகப் படியுங்கள். வீடியோக்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.