கேள்வி – பதில்: எண்ணெய் டின்னில் இல்லாத இரண்டு எழுத்து

கே: காரைக்குடியில் கவுனி அரிசி வாங்கப் போனேன். ‘ஜி.எம். அல்லாதது’ என்று அச்சடித்த பாக்கெட்டுக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

ப: வேண்டாம். ‘ஜி.எம்.’ என்றால் மரபணு மாற்றியது. அப்படி மாற்றிய நெல்லை வணிகமாகப் பயிரிட இந்தியாவில் அனுமதியே இல்லை. எள், நிலக்கடலைக்கும் அப்படித்தான். இல்லாததை இல்லை என்று சொல்வதற்கு 40 ரூபாயா? பலகாரம் சுடும் எண்ணெயைப் பாருங்கள்.

கே: எண்ணெயில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கண்டனூர்

ப: நம் நாட்டுப் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் ‘பி.டி.’ எனப்படும் மரபணு மாற்றிய ரகம். அதன் கொட்டையில் எடுத்த எண்ணெய் சமையலுக்கும் வருகிறது. அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து இறங்கும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவில் எடுத்ததுதான். உட்பொருள் பட்டியலில் ‘காட்டன் சீட்’, ‘சோயாபீன்’ என்ற பெயர்களைத் தேடுங்கள். கலப்பு எண்ணெய் என்றால் எது எத்தனை சதவீதம் என்று டின்னில் போட்டிருக்க வேண்டும். நிறுத்து வாங்கும் தேன்குழல், சீடைக்கு லேபிள் கிடையாது. எந்த எண்ணெய் என்று கடைக்காரரிடம் கேட்பதுதான் வழி. ஆய்வுக்கூடத்தை நம்ப வேண்டாம். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் மிஞ்சுவது அரிது, சோதனையில் சிக்காது. கெடுதல் என்று சொல்லவில்லை. சோதனையில் சிக்காததற்கும் லேபிள் வேண்டுமா? சண்டையே இந்த இடத்தில்தான்.

கே: 2013-லேயே ‘ஜி.எம்.’ எழுத்து கட்டாயம் என்றார்களே? அமெரிக்காவில் கம்பெனிகள் காசைக் கொட்டித் தடுத்தது நிஜமா?
– வாசகர், புதுவயல்

ப: முகப்பின் மேலே அந்த எழுத்தைப் போடச் சொல்லி எடையளவு விதி 1.1.2013-இல் அமலுக்கு வந்தது. எவ்வளவு கலந்தால் என்ற வரம்பை அது சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 வரைவில் வரம்பு 5 சதவீதம், 2021 வரைவில் 1. ஐரோப்பாவில் 0.9, அமெரிக்காவில் 5. அதாவது 100 கிலோ சோயா மாவில் மரபணு மாற்றிய சோயா 4 கிலோ தற்செயலாகக் கலந்திருந்தால் ஐரோப்பாவில் லேபிள் உண்டு, அமெரிக்காவில் இல்லை.

காசு விஷயம் நிஜம். ‘ஜி.எம்.’ லேபிள் கட்டாயம் வேண்டுமா என்று 2012-இல் கலிபோர்னியாவில் நடந்த வாக்கெடுப்பில் அதை எதிர்த்தவர்கள் சுமார் 4.6 கோடி டாலர் செலவிட்டார்கள். மரபணு மாற்றிய விதை விற்ற மான்சான்டோ கம்பெனி மட்டும் 80 லட்சத்துக்கு மேல். ஆதரித்தவர்களிடம் இருந்தது சுமார் 90 லட்சம். அதிலும் ஆர்கானிக் வியாபாரிகள் பங்கு உண்டு, அவர்களுக்கும் லாபம்தானே. 51-க்கு 49 என்று லேபிள் தோற்றது. மறு வருடம் வாஷிங்டன் மாநிலத்தில் இதே போன்ற வாக்கெடுப்பில் லேபிளை எதிர்த்து மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கம், பணம் தந்த கம்பெனிகளின் பெயரை மறைத்து 1.1 கோடி டாலர் இறக்கியது. அதற்கு விழுந்த 1.8 கோடி டாலர் அபராதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்தது.

வெர்மான்ட் மாநில லேபிள் சட்டம் 2016 ஜூலை 1-இல் அமலானது; அதே மாதம் மத்தியச் சட்டம் வந்து அதைச் செல்லாததாக்கியது. அதன்படி வந்த விதியில் ‘ஜி.எம்.’ போய் ‘பயோஎன்ஜினியர்டு’ வந்தது. எழுத்துக்குப் பதில் கியூ.ஆர். கோடு போதும் என்றார்கள். சோதனையில் மரபணு சிக்காத சுத்திகரித்த எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்கு தந்தார்கள். ஐரோப்பாவிலோ அதே எண்ணெய்க்கு, எந்த விதையில் எடுத்தது என்ற ஆவணத்தை வைத்து, லேபிள் கட்டாயம்.