வாசகர் கேள்வி – பதில்: விண்கலத்தைவிட அதைப் பார்க்கும் முகம்

தனுஷ்கோடியை வைத்து ஆறு பகுதி அறிவியல் புனைவுத் தொடர் எடுக்கிறோம். கடலிலிருந்து ஒரு வேற்றுக்கிரகக் கலம் எழுகிறது. பணத்தில் பெரும்பகுதியை கிராபிக்ஸுக்கு ஒதுக்கலாமா? (வாசகர், பாம்பன்)

வேண்டாம். 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில், வாரம் ஒரு கிரகத்தில் கலத்தை இறக்கிக் காட்டப் பணம் போதவில்லை. அதனால்தான் ஆட்களை ஒளியாக்கி இறக்கும் உத்தி பிறந்தது. அலுமினியத் துகளை ஒளியில் விழவிட்டுப் படம்பிடித்தார்கள், அவ்வளவுதான். நடிகர்கள் அப்படி இறங்கியதும் திரும்பியதும் தினமும் பஸ் ஏறுகிறவர்களைப் போல இருந்தது. அதனால் பார்ப்பவர்களும் நம்பினார்கள்.

உங்கள் கலத்தை முதலில் பார்ப்பது யார்? பாசி எடுக்கப் போன ஒரு பெண் என்று வையுங்கள். இடுப்பளவுத் தண்ணீர். பையில் அரைநாள் சேர்த்த கட்டக்கோரைப் பாசி. ஓடினால் பை போகும், அன்றைய கூலியும் போகும். அவள் கலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா, கூட வந்தவர்கள் எத்தனை பேர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று எண்ணுவாளா? இதைத் தீர்மானித்துவிட்டால் பாத்திரம் கிடைத்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் கடல் பொங்குவதைப் பார்க்கும் பார்வை வேறு. வேனில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணியின் பார்வை வேறு. இந்த வேறுபாடு வசனத்தில் வர வேண்டியதில்லை, நடிப்பில் வந்தால் போதும். கலத்தை நான்கு விநாடி காட்டுங்கள். மிச்ச நேரம் அவள் முகத்தில் இருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் நடிகர்களுக்குப் பத்து நாள் ஒத்திகை கொடுங்கள். முதல் இரண்டு நாளும் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை வாசித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையென்றால் எழுத்தைத் திருத்த வேண்டும், நடிகரை அல்ல.

இல்லாத ஒன்றைப் பார்த்து நடிக்கும்போது பார்வை ஆளுக்கொரு பக்கம் போகிறதே? (வாசகர், கீழக்கரை)

நீண்ட மூங்கில் கழி நுனியில் சிவப்புப் பந்தைக் கட்டி, கலம் வர வேண்டிய உயரத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கலம் நகர்ந்தால் அவரும் நடக்கட்டும். அதன் அளவு, தூரம், சத்தம் மூன்றையும் எல்லா நடிகர்களுக்கும் ஒரே மாதிரி முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் ஒரே அளவு அதிர்ந்தால் நாடகக் கொட்டகைபோல ஆகிவிடும். ஒருவர் முதலில் கவனிக்கட்டும், இன்னொருவர் அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பட்டும்.

இன்னொன்று: தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் உச்சி வெயிலில் வெண்மணல் கண்ணைக் கூச வைக்கும். கண் சுருங்கினால் பயமும் ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் மட்டும் நெருக்கக் காட்சிகளை எடுங்கள்.

அறிவியல் சொற்கள் வந்தால் பாடம் ஒப்பிப்பது போல் இருக்கிறது. (வாசகர், தொண்டி)

விசைப்படகு டிரைவர் ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று கூட இருப்பவருக்கு விளக்குவதில்லை. “கருவி தப்பாக் காட்டுது, திருப்புடா” என்பார். உங்கள் விஞ்ஞானியும் அப்படித்தான் பேச வேண்டும், கையில் ஒரு வேலையோடு.

ஒரே நடிகை இரண்டு நகல்களாக வருகிறார். எப்படி எடுப்பது? (வாசகர், ராமேஸ்வரம்)

2013-ல் தொடங்கிய ‘ஆர்ஃபன் பிளாக்’ என்ற கனடியத் தொடரில் டாட்டியானா மஸ்லானி பல நகல்களாக நடித்து, 2016-ல் எம்மி விருது பெற்றார். அங்கே ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கேமரா இருந்தது, எதிரே நின்று நடிக்க ஒரு மாற்று நடிகையும் இருந்தார். ஆனால் நகல்களை வேறு ஆட்களாக்கியது நடை, தோள், பேச்சு வேகம்.

உங்களுக்கு அசையாத முக்காலி போதும். ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிற அளவு எல்லாவற்றையும் தானியங்கியிலிருந்து எடுத்துப் பூட்டிவிடுங்கள். உரையாடலை நடத்திச் செல்லும் நகலை முதலில் எடுங்கள். வேகம் அவளிடம்தான் இருக்கிறது. அந்த ஒலியை அடுத்த முறை நடிகையின் காதில் ஓடவிடுங்கள். இரண்டு முறை எடுத்த படங்களையும் பாதிப் பாதியாக ஒட்டும் கோடு சுவர், கரையேற்றிய படகின் முனை போன்ற அசையாத ஒன்றின் மேல் விழட்டும். அலை அந்தக் கோட்டைத் தாண்டினால் நுரை பாதியில் வெட்டுப்படும், நடிகையின் கை தாண்டினால் கை வெட்டுப்படும். திறந்த வெளியில் உடை மாற்றி வருவதற்குள் நிழல் நகர்ந்துவிடுகிறது. ஓலைக் கொட்டகைக்குள் எடுப்பது நல்லது.

வேற்றுக்கிரகவாசிக்கு முழு முகமூடி போடலாமா? (வாசகர், மண்டபம்)

புருவமும் வாயும் மறைந்தால் நடிகரிடம் கண் மட்டுமே மிஞ்சும். ‘ஸ்டார் டிரெக்’கின் ஸ்பாக் என்ற வேற்றுக்கிரகப் பாத்திரத்துக்கு முக்கியமாகக் காதையும் புருவத்தையும்தான் மாற்றினார்கள், லெனர்ட் நிமாய் ஒற்றைப் புருவத்தை உயர்த்தியே பாதி பேசிவிட்டார். நம் கடற்கரைப் புழுக்கத்தில் ரப்பர் முகமூடிக்குள் வியர்வை தேங்கிப் பசையும் விட்டுப்போகும். காதோ நெற்றியோ ஒன்றை மட்டும் ஒட்டுங்கள். ஒட்டும் முன் தோலைத் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.