மார்கழியில் மூச்சிரைப்பு: பியூரிஃபையர் வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூள். அம்மாவுக்கு ஆஸ்துமா; மார்கழி, தை விடிகாலைகளில் இரைக்கிறது. ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் கடைசியாக.

துணியில் படியும் உமிக்கரி கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை போவது 2.5 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள். மில் மட்டுமல்ல, மழையில் நனைந்து விலைபோகாமல் வயலில் கொளுத்தும் வைக்கோல், தெருமுனைக் குப்பை, போகி டயர் எல்லாமே அதைக் கக்குகின்றன. பனிக்காலத்தில் தரையொட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கும். புகை மேலேறாது, வெயில் ஏறிய பிறகுதான் கலையும். ஆகவே 'நல்ல காற்று வரட்டும்' என்று விடியலில் சன்னலைத் திறப்பதுதான் முதல் தவறு. பகல் 12 முதல் 4 வரை திறந்து வையுங்கள், விளக்கு வைக்கும் முன் மூடிவிடுங்கள்.

அடுத்து வீட்டுக்குள் உண்டாகும் புகை. சாத்திய அறையில் கொசுவத்தி, சாம்பிராணி ஏற்றினால் மில்லைத் திட்டிப் பயனில்லை. கொசுவலை கட்டுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மார்கழிப் பூசைக்கு அம்மா போகாமல் இருக்கமாட்டார். புடவைத் தலைப்பு, துணி மாஸ்க் இரண்டும் இந்தத் துகளைத் தடுக்காது. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டையுள்ள என்-95 நன்றாகப் பொருந்தும். போட்டதும் இரு கைகளாலும் மூடி ஊதச் சொல்லுங்கள். கண்பக்கம் காற்று பட்டால் மூக்குக்கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். அதைப் போட்டு மூச்சு முட்டினால் கழற்றிவிட்டு, வெயில் வந்தபின் போகட்டும்.

இனி பியூரிஃபையர். ஓட்டுக்கூரைக் கூடத்தில் வைத்தால் பணம் வீண்; சந்துபொந்து வழியே புகை வந்துகொண்டே இருக்கும். தளம் போட்ட ஓர் அறையில் அம்மாவைப் படுக்கவைத்து, கதவடி இடைவெளியை ஈரத்துண்டால் அடையுங்கள். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டும். எனவே பெட்டியில் போட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர்., அதாவது கருவி சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு, மணிக்கு 170 கனமீட்டருக்குக் குறையக் கூடாது. நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா (HEPA) ஃபில்டர் அவசியம். ஓசோன் வெளியிடும் வகை வேண்டாம், அது ஆஸ்துமாவைக் கிளறும்.

மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை 'இப்போ நல்லா இருக்கேன்' என்று அம்மா நிறுத்தியிருக்கிறாரா, கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இரைத்தால், உதடு நீலம் பாரித்தால், சன்னல் கணக்கெல்லாம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.