மருந்தே இல்லாத மாத்திரையால் வலி குறைவது எப்படி?

மருந்துச் சத்து எதுவுமில்லாத மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கும்போது வலி குறைவதையே மருந்துப்போலி விளைவு என்கிறோம். நிவாரணத்தை எதிர்பார்க்கும் மூளை, எண்டார்பின் போன்ற வலிநீக்கிகளைத் தானே சுரக்கிறது. 1978-இல் அமெரிக்காவில், ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், அந்தச் சுரப்புகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும், போலி மருந்தால் தணிந்திருந்த வலி மீண்டும் கூடியது. வெறும் கற்பனையாக இருந்திருந்தால் ஒரு ரசாயனம் அதைக் கலைத்திருக்க முடியாது. மாவடு ஜாடியைத் திறந்ததுமே, நாக்கில் எதுவும் படுமுன் எச்சில் ஊறுவதும் ஏறக்குறைய இதைப் போன்றதே. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: பக்கவிளைவுப் பட்டியலைப் படித்துவிட்டு மாத்திரை போட்டவருக்கு, அதனாலேயே தலைவலி வருவதுண்டு (எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார்). நம்பினால் எந்த நோயும் குணமாகும் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு; எதிர்பார்ப்பு வலியையும் குமட்டலையும் தணிக்கலாம், ஆனால் புற்றுக்கட்டியைச் சுருக்காது, கிருமியைக் கொல்லாது.