மாட்ரிட் காளைப்போர்: டிக்கெட் எங்கே வாங்குவது?

மே மாதம் மனைவியோடு மாட்ரிட் போகிறீர்கள், விடுதிக்காரர் காளைப்போர் டிக்கெட்டுக்குச் சொல்லும் விலை நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். இடைத்தரகர் யாராக இருந்தாலும் விலைக்கு மேலே வைத்துத்தான் விற்பார்.

மாட்ரிட்டில் காளைப்போர் நடக்கும் லாஸ் வென்தாஸ் அரங்கில் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். மெட்ரோவில் வென்தாஸ் நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரிலேயே அரங்கும் டிக்கெட் கவுன்டரும். சாதாரண ஞாயிறு என்றால் அங்கேயே வாங்கிவிடலாம். ஆனால் மே மாதம் சான் இசித்ரோ திருவிழா. பெரிய மாட்டாதோர்கள் (காளையோடு மோதும் வீரர்கள்) வரும் நாள்களுக்கு அரங்கின் இணையதளத்தில் முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

விலையைப் பெரிதும் தீர்மானிப்பது வெயில்தான். 'சோல்' என்றால் வெயில் பக்கம், மலிவு. 'சோம்ப்ரா' நிழல், விலை அதிகம். இரண்டுக்கும் நடுவில் 'சோல் இ சோம்ப்ரா': தொடக்கத்தில் வெயில், போகப்போக நிழல். நான் அதில்தான் உட்கார்ந்தேன், மூன்றாவது காளை வருவதற்குள் நிழல் வந்துவிட்டது. இருக்கை வெறும் கல், முன்னால் இருப்பவர் முதுகில் நம் முழங்கால் இடிக்கும். வாடகைக்கு மெத்தை கிடைக்கும், கட்டாயம் எடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஜல்லிக்கட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். வழக்கமாக ஆறு காளைகள், கண்ணெதிரே வாளால் கொல்வார்கள். மனைவியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் கிளம்ப நினைத்தாலும் ஒரு காளை முடிந்த பிறகு எழுவதுதான் அங்கே மரியாதை. முதல் தடவை என்பதால் மலிவு டிக்கெட்டே போதும்.