கருவாட்டு வாடை ஏன் தாமதமாக வருகிறது?

கேள்வி: காசிமேட்டில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தை அம்மா அடுப்படியில் பிரித்தால், நான்கு மீட்டர் தள்ளி முன்னறையில் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு வாடை எட்ட ஒரு நிமிடமாவது ஆகிறது. ஆனால் காற்றின் மூலக்கூறுகள் நொடிக்கு நானூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கின்றன என்று, வாயுக்களின் இயக்கவியற் கொள்கை நடத்தியபோது ஆசிரியர் சொன்னார். அது உண்மையென்றால் வாடை கண்ணிமைப்பதற்குள் வந்துவிட வேண்டாமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இதே ஐயத்தை 1858-இல் நெதர்லாந்தின் வானிலை அறிஞர் பாய்ஸ் பலோட் எழுப்பினார் என்பதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கொள்கையையே அசைத்துப் பார்த்த கேள்வி அது. அதற்கு விடை தேடிய ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ், அதே ஆண்டில் சராசரி மோதலிடைத் தூரம், அதாவது ஒரு மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே சராசரியாகக் கடக்கும் தொலைவு, என்ற கருத்தை முன்வைத்தார்.

உங்கள் ஆசிரியர் சொன்ன வேகம் சரியே. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சராசரியாகச் சுமார் 480 மீட்டர் செல்கிறது. மீன் வாடைக்கு முக்கியக் காரணமான டிரைமெத்திலமீன் மூலக்கூறு அதைவிட எடை மிகுந்தது என்பதால் சற்று மெதுவாக, 330 மீட்டர் அளவில் செல்கிறது. ஆனால் அந்த வேகத்தில் நேராகச் செல்ல அதற்கு வழி கிடைப்பதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் போவதற்குள் இன்னொன்றின்மேல் மோதித் திசை மாறிவிடுகிறது. இவ்வாறு நொடிக்குப் பல நூறு கோடி மோதல்கள் நிகழ்கின்றன. தீபாவளிக்கு முந்தைய மாலையில் எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் நீங்கள் அகப்பட்டதுண்டல்லவா? அங்கே இடிபட்டாலும், போக வேண்டிய கடை எதுவென்று உங்களுக்குத் தெரியும். மூலக்கூறுக்கோ போக வேண்டிய இடமென்று ஒன்றில்லை. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் அது எந்தத் திசையிலும் திரும்பலாம், வந்த வழியே பின்னோக்கியும் போகலாம். இதனால்தான் இரு மடங்கு தொலைவை அடைய அதற்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்று சிறிதும் அசையாதிருந்தால், வெறும் மோதல்களினூடே வாடை மூலக்கூறு நான்கு மீட்டர் தள்ளிப்போகச் சராசரியாக நாள் கணக்கில் ஆகும். ஆகவே, ஒரு நிமிடத்தில் வாடை வந்தது தாமதமே இல்லை, எதிர்பார்த்ததைவிட மிக விரைவு. மின்விசிறியும், அடுப்பின் சூட்டில் மேலெழும் காற்றும், சன்னல் வழியே நுழையும் கடற்காற்றும் அந்த மூலக்கூறுகளைக் கூட்டமாக அள்ளி வந்து உங்களிடம் சேர்த்திருக்கின்றன.

விடுமுறை நாளில் இதைச் சோதித்துப் பாருங்கள். அடுப்பு எரியாத வேளையில், விசிறியை நிறுத்திச் சன்னலையும் சாத்திவிட்டு, அம்மாவைப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி, வாடை எட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை விசிறியை ஓடவிட்டுக் குறியுங்கள். முதல் முறையிலும் காற்று முழுமையாக அடங்கியிருக்காது, நம் உடலின் வெப்பமே அதை மெல்ல அசைத்துக்கொண்டிருக்கும்.