ஹெரால்டா, பத்மினியா?

கேள்வி: அண்ணே, எங்க வாப்பா அந்தக் காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஓட்டியவர். இப்போது ஒரு ஹெரால்டும் ஒரு பிரீமியர் பத்மினியும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. வீடு கடலை ஒட்டி இருக்கிறது. எதை வாங்கலாம்?
- வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, மதுரையில் இருந்து கேட்டிருந்தால் யோசிக்காமல் பத்மினி என்றிருப்பேன். ஃபியட் 1100 வழி வந்த வண்டி, 1089 சிசி. பம்பாய் டாக்ஸியாகப் பல வருஷம் ஓடியதால் இன்றைக்கும் பார்ட்ஸ் தேடிப் பிடித்துவிடலாம். நான்கு கதவு, உம்மா பின்சீட்டில் ஏறி இறங்கச் சிரமமில்லை. ஹெரால்டில் பெரும்பாலும் இரண்டு கதவுதான்.

ஆனால் நம்ம ஊர் உப்புக்காற்று வேறு கணக்குப் போடும். பத்மினிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தளமும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும்தான் வண்டியின் எலும்பு. அது உளுத்துவிட்டால் ஜாக்கி வைக்கிற இடமே உள்ளே போகும், கதவு சரியாக அடையாது. மேலே பட்டி போட்டு பெயின்ட் அடித்து விற்றுவிடுவார்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கதவுக்கு அடியில் தடவிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

ஹெரால்டு அப்படியில்லை. இங்கிலாந்தில் இதைத் தயாரித்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். 1961 முதல் சென்னையில் தயாரானதும் அதே அமைப்புதான். துருப்பிடித்த துண்டைக் கழற்றி டிங்கரிங் செய்யலாம், சேஸிஸில் போன இடத்தை வெட்டி வெல்டிங் வைக்கலாம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மடங்கும். டயர் மேல் உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கிற சுகம் வேறெந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வளைவில் மட்டும் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விடக் கூடாது, பின்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். வாப்பாவுக்கு இது தெரிந்திருக்கும்.

எனவே கீழக்கரைக்கு என் ஓட்டு ஹெரால்டுக்கே, சேஸிஸ் திடமாக இருந்தால். பார்ட்ஸுக்கு அலையத்தான் வேண்டும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

ஹெரால்டில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. முன்சக்கரம் திரும்புவதற்காக அதன் அடிப்பக்கத்தில் பித்தளை நிற உலோகத்தில் திருகுமறை வெட்டிய ஒரு துண்டு உண்டு, ட்ரன்னியன் என்பார்கள். இதற்கு ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில். பலர் கிரீஸை அடித்து விடுகிறார்கள். அது மறையின் அடிவரை இறங்காது, உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து அந்த மறையில் திருகி நிற்கும் இரும்பைத் தின்னும். ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது அந்த இரும்பு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். எதில் பராமரித்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். கிரீஸ் என்று சொன்னால், இரண்டு பக்கமும் கழற்றி மறையைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.